கிழக்கு அறைக் குடித்தனக்காரி

"வாங்காத காசை வாங்கினேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றியா?" என்று அக்னஸ் கேட்டபோது அவள் கையில் பாதி செதில் போன கெண்டை மீன் ஒன்று இருந்தது. அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் அடுத்த நிமிடம் அது மகள் மீது வந்து விழும் போலிருந்தது. எல்சி ஓர் அடி பின்னால் நகர்ந்து, கையிலிருந்த ரசீதுகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"கையெழுத்து மட்டுந்தாம்மா. ஆபீஸ்ல எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க."

"எல்லாரும் பண்ணட்டும். அதுக்கு நானா போயி சாமியார்கிட்ட மண்டி போட்டு பாவசங்கீர்த்தனம் பண்ணணும்? தள்ளி நில்லு, செதில் தெறிக்குது."

அது ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை. எல்சி கும்பகோணத்தில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வலங்கைமானிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவாள். சம்பளம் பதினெட்டாயிரம். தான் இரண்டு அறுவடைக்கு ஓடி ஓடிச் சாக்கு விற்றாலும் அவ்வளவு மிஞ்சாது என்று அப்பா அந்தோணிமுத்து சொல்வார். வரவைப் பற்றி அவர் சொல்வதை வீட்டில் யாரும் நம்புவதில்லை என்பது வேறு விஷயம். ஆட்டோவுக்குக் கொடுக்க மனமில்லாமல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிறவள், ஆபீஸ் டீக்கு மூன்று ரூபாயா என்று பிளாஸ்கில் வீட்டு டீயைக் கொண்டு போகிறவள் எல்சி. அப்படிச் சேர்த்ததையெல்லாம் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வரி என்று சொல்லி மொத்தமாக அறுத்துக்கொண்டார்கள். பணம் போனது கூடப் பெரிதில்லை. ஒரு வார்த்தை பேரம் பேச இடமில்லாமல் போனதுதான் அவளுக்கு ஆறவில்லை. கேட்ட காசைக் கேட்டபடி கொடுப்பது அவர்கள் குடும்பத்தில் கோயில் உண்டியலோடு சரி.

பக்கத்து மேசை சதீஷ்தான் வழி சொன்னான். சம்பளத்தில் வீட்டு வாடகைப் படி என்று ஒரு தொகை வருகிறது. வாடகை கொடுப்பதாகக் காட்டினால் அதில் பெரும்பகுதிக்கு வரி இல்லை.

"நான் எங்க வாடகை குடுக்கறேன்? அப்பா அம்மாகூட இருக்கேன்."

"வீடு யாரு பேர்ல?"

"அம்மா பேர்ல. சீர்காழித் தாத்தா சீரா வாங்கிக் குடுத்தது."

"அப்பறம் என்ன? கவர்மெண்டுக்கு அம்மான்னா யாருன்னு தெரியாது, ஹவுஸ் ஓனரத்தான் தெரியும். ரசீத மட்டும் எழுதிக் குடு. எங்கப்பா எனக்கு வீட்ட வாடகைக்கு விட்டு மூணு வருஷமாச்சு, அவருக்கே இன்னும் தெரியாது."

சதீஷின் அப்பாவைப்போல அக்னஸ் வாய்க்கவில்லை. மீனை அலசி, மஞ்சள் தடவி, கையைக் கழுவிக்கொண்டு வந்து தீர்ப்பைச் சொன்னாள். "வாடகைன்னா நெஜமா குடு. நானும் நெஜமா வாங்கிட்டு நெஜமா கையெழுத்துப் போடறேன். எவ்வளவு?"

எல்சி ஏற்கெனவே மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு மூவாயிரம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதை எட்டாக மடித்து அஞ்சறைப் பெட்டியில் போட்டுக்கொள்வதில் அக்னஸுக்குக் கூச்சமில்லை. ஆனால் வாடகை என்று பெயர் வைத்ததும் கூச்சம் வந்துவிட்டது.

"நாலாயிரம்," என்றாள் எல்சி.

"பெத்த புள்ளகிட்ட நாலாயிரமா? நாலு பேரு கேட்டா சிரிப்பாங்க. ஐநூறு குடு."

"ஐநூறுல எனக்கு ஒரு பைசா பிரயோசனம் இல்லம்மா. அடிப்படைச் சம்பளத்துல பத்துல ஒரு பங்குக்கு மேல போற வாடகைக்குத்தான் சலுகை."

"சரி, ஆயிரம்."

"மூவாயிரத்து எண்ணூறு."

"ஆயிரத்து இருநூறு. அதுக்கு மேல ஒரு ரூவா வாங்க மாட்டேன், பாத்துக்க."

கொல்லைப்பக்கம் கோணி ஊசியில் சணல் கோத்துக்கொண்டிருந்த அந்தோணிமுத்து எழுந்து வந்து வாசல்படியில் நின்றார். திருச்சி மண்டியிலிருந்து நாகப்பட்டினம் துறைமுகம் வரை பேரம் பார்த்தவர். விற்கிறவள் விலையை இறக்குகிறாள், வாங்குகிறவள் ஏற்றுகிறாள். இப்படி ஒரு வியாபாரத்தை அவர் பார்த்ததில்லை.

"இப்படி நாலாயிரம் குடுத்தா வருஷத்துக்கு வரி எவ்வளவும்மா மிச்சம்?"

"ஏழாயிரத்துச் சொச்சம்ப்பா."

"ஏழாயிரம் மிச்சம் புடிக்க நாப்பத்தெட்டாயிரம் குடுக்கறியா? பேங்குல இதத்தான் சொல்லித் தர்றாங்களா?"

"வெளியவா போவுது? அம்மாகிட்டதானே இருக்கும்."

அந்தோணிமுத்து தலையை ஆட்டினார். அக்னஸிடம் இருக்கும் என்றால் வீட்டில் இருக்கும். வீட்டில் இருந்தால் தை மாதம் சரக்கு எடுக்க வட்டியில்லாத முதல். அவர் முகத்தில் ஓடிய கணக்கை எல்சி பார்த்தாள்; அதுவும் நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டாள். நாலாயிரத்தில் பேரம் முடிந்தது. தான் தோற்றுவிட்டதாக அக்னஸ் அன்று முழுவதும் வருத்தத்தில் இருந்தாள்.

ஒப்பந்தம் எழுதும்போது அவளுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. "வீட்ட வாடகைக்கு விட்டேன்னு எப்படி எழுதறது? நாங்களும் இங்கதான இருக்கோம்? எத விடறேன்னு சொல்லு." எல்சி யோசித்து, தான் படுத்துக்கொள்ளும் கிழக்கு அறை என்றாள். சமையல்கட்டும் குளியலறையும் சேர்த்துப் புழங்கிக்கொள்ளலாம் என்று அக்னஸ் பெருந்தன்மையாகச் சேர்க்கச் சொன்னாள். சாட்சிக் கையெழுத்து அந்தோணிமுத்து போட்டார். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாத மனிதர், அன்று மீன்குழம்பு வாசனையில் போட்டுவிட்டார்.

மாதம் பிறந்தால் எல்சி செக் எழுதிக் கொடுப்பாள். அக்னஸ் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு கும்பகோணம் போய் மகளின் கிளையிலேயே அதைப் போடுவாள். முதல் தடவை சதீஷ் அவளைப் பார்த்து, "உக்காருங்க மேடம்," என்றான். சாயங்காலம் வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மேடம்னான்டி." பிறகு மெல்ல மெல்ல அவளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. கிழக்கு அறையில் தரை பெயர்ந்திருந்ததைக் கொத்தனாரை வைத்துப் பூசினாள். மின்விசிறி கிறீச்சிட்டால், "வாடகை வாங்குறோமில்ல, நாமதான பாக்கணும்," என்று ஆள் கூப்பிட்டாள். அறையைப் பெருக்க எல்சி மறந்த நாளில், "குடியிருக்கற எடத்த இப்படியா வச்சுக்கறது? காலி பண்ணச் சொல்லிடுவேன்," என்று மிரட்டினாள். வாடகையில் இந்தச் செலவு போக மிச்சத்தை எடுக்காமல் வங்கியிலேயே வைத்திருந்தாள். மார்கழியில் அந்தோணிமுத்து மெதுவாக ஆரம்பித்தார்: சரக்குக்கு முதல் வேண்டும், சும்மா கிடக்கிற பணம்தானே. "அது வீட்டுக் காசுங்க," என்றாள் அக்னஸ். "வீட்டுக்குன்னா எடுப்பேன்." அவர் வழக்கம்போல அரிசி மில்காரரிடம் கடன் சொல்லிச் சரக்குப் பேசினார். எட்டு மாதமாகத் தன்னுடையது என்று எண்ணியிருந்த முதல் தன்னுடையதில்லை என்பதைச் செரிக்க அவருக்கு நாலைந்து நாள் ஆனது.

சாக்கு வியாபாரம் என்பது அறுவடைக் காலத்து வியாபாரம். அரிசி மில்லிலும் மளிகை மண்டியிலும் ஒருமுறை ஓடிய சாக்குகளை மொத்தமாக எடுத்து, கிழிசலைத் தைத்து, தரம் பிரித்துக் கட்டி வைத்தால், தை பிறந்து சம்பா அறுக்கும்போது விவசாயிகள் வந்து நிற்பார்கள். அதுவரை அடுக்கி வைக்க இடம் வேண்டும். அந்தோணிமுத்துவின் லாபமே அந்த இடத்துக்குக் காசு கொடுக்காததில்தான் இருந்தது. ஒவ்வொரு தையிலும் கிழக்கு அறையின் கட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கூரை முட்டச் சாக்கு அடுக்குவார். எல்சி பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது அது வேடிக்கை. சாக்கு மேல் ஏறி விளையாடுவாள். கல்லூரிக்குப் போனபிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சணல் தூசி. இரண்டு மாதம் கூடத்தில், டிவிக்கும் அப்பாவைத் தேடி வரும் ஆட்களுக்கும் நடுவே, மூக்கில் துணி கட்டிக்கொண்டு படுப்பாள். போன தையில் ஒரு வாரம் ஆபீஸுக்கு லீவு போட்டு ஊசி போட்டுக்கொண்டாள். இந்த முறை பிப்ரவரியில் பதவி உயர்வுத் தேர்வு வேறு இருந்தது.

அந்த நேரத்தில்தான் சென்னைக்கு மாற்றல் வேண்டுமா என்று தலைமை அலுவலகம் கேட்டது. சம்பளம் ஆறாயிரம் கூடும். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் எல்சி அதைப் போட்டுப் பார்த்தாள். விடுதிக்கு, சாப்பாட்டுக்கு, நகரப் பேருந்துக்கு, மாதம் ஒருமுறை ஊருக்கு வர ரயிலுக்கு என்று கழித்தால், கூடுகிற ஆறாயிரம் கூடாத மாதிரியே ஆகிவிடும். பக்கத்துக் கட்டிலில் யார் என்று தெரியாத ஓர் அறையில், நாலில் ஒரு பங்கு ஜன்னல் கிடைக்கும். கணக்கு, போகாதே என்றது. மூச்சு, போ என்றது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"சாக்கு உள்ள வந்தா நான் வெளிய போயிடறேம்மா," என்றாள் வெள்ளிக்கிழமை இரவு சாப்பிடும்போது. சென்னையைத்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அக்னஸ் ரசம் ஊற்றினாள். மூத்தவன் ஜோசப்ராஜ் துபாய்க்குப் போய் ஐந்து வருடம். வெள்ளிக்கிழமை தோறும் போனில், "சாப்டியாடா?" என்று கேட்பதுதான் அவனோடு அவளுக்கு மிஞ்சிய குடும்பம். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு வெள்ளிக்கிழமை அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லாரி வந்து நின்றது. வானம் மூட்டம் போட்டிருந்தது. சம்பா தலை சாய்ந்து நிற்கிற நேரத்தில் மழை வேண்டாம் என்று ஊரே மேலே பார்த்துக்கொண்டிருந்தது. லோடுமேன் தங்கமணி முதல் சாக்குக் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தவன், கிழக்கு அறை வாசலில் அக்னஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றான்.

"யக்கா, கொஞ்சம் நவுருங்க."

"ரூம் காலி இல்ல தங்கமணி."

பின்னாலேயே வந்த அந்தோணிமுத்து, "கட்டில நிமித்தி வச்சா காலி," என்றார்.

"குடித்தனம் இருக்குங்க."

"யாரு குடித்தனம்?"

"எல்சி."

தங்கமணி சிரித்துவிட்டான். தலையில் பாரம் இருந்ததால் பாதிச் சிரிப்போடு நிறுத்திக்கொண்டான். அந்தோணிமுத்துவும் சிரித்தார், ஆனால் நாற்காலி நகரவில்லை.

"வெளையாடற நேரமா இது? வானத்தப் பாரு."

"நான் ஏன் வெளையாடறேன்? பத்து மாசமா வாடகை வாங்கறேன். சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போட்டீங்க."

"அது கவர்மெண்ட ஏமாத்தறதுக்குப் போட்டது!"

"அப்படின்னு நீங்க நெனச்சீங்க. நான் யாரையும் ஏமாத்தல. காசு வாங்கினேன், கையெழுத்துப் போட்டேன். இப்ப சாக்க உள்ள விட்டா அந்தக் கையெழுத்து பொய்யாயிடும். பொய்யி எம் பேருல இருக்கக் கூடாது."

அந்தோணிமுத்து கெட்டிக்கார வியாபாரி செய்வதைப்போல, ஓனரை விட்டுவிட்டுக் குடியிருக்கிற ஆளைப் பார்த்தார். உள்ளே கட்டிலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த எல்சியை அக்னஸின் தோளுக்கு மேலாக எட்டிக் கூப்பிட்டார்.

"எல்சி, நீயே சொல்லும்மா. ரெண்டு மாசம். அப்பனோட பொழப்பு."

எல்சி எழுந்து நின்றாள். லாரியிலிருந்து இறங்கிய கட்டுகள் தெருவில் கிடந்தன. டிரைவர் நேரமாகிறது என்று ஹாரன் அடித்தான். அப்பாவின் புருவத்தில் சணல் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. அது எப்போதிலிருந்து தூசி, எப்போதிலிருந்து நரை என்று அவளுக்குத் தெரியவில்லை. போனால் போகிறது, வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லியிருந்தால் திங்கட்கிழமை சென்னைக்குச் சரி என்றும் சொல்லியிருப்பாள்; இரண்டும் ஒரே சொல்தான்.

"நீ பேசாத," என்றாள் அக்னஸ், திரும்பிப் பார்க்காமல். "ஓனர்கிட்ட பேசிக்கிட்டு இருக்காரு."

"சரி, அப்ப எனக்கே வாடகைக்கு விடு. எவ்வளவு வேணும்?"

"குடியிருக்கறவங்கள எழுப்பிட்டு இன்னொருத்தருக்கு விட மாட்டேன். அது சரி, இருவத்தெட்டு வருஷமா இங்க இருக்கீங்களே, இது வரைக்கும் எவ்வளவு குடுத்தீங்க?"

லோடுமேன்கள் இந்தத் தடவை முழுதாகச் சிரித்தார்கள். தங்கமணி கட்டைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"எதுத்தாப்புல ஜன்னத் பீவி அக்கா மாவு மில்லு பூட்டித்தான கெடக்கு," என்றாள் அக்னஸ், குரலைத் தாழ்த்தி.

"அது சும்மாவா? காசு கேப்பாங்க."

"கேக்கட்டும். உங்க யாவாரத்துக்கு எடம் வேணும்னா அது யாவாரச் செலவு. எம் பொண்ணு மூச்சுலயா மிச்சம் புடிப்பீங்க?"

அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. அந்தோணிமுத்து தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தேவைக்கு மேல் நேரம் துடைத்தார்.

ஜன்னத் பீவி எதிர்வாசலில் உட்கார்ந்து தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மகன் சிங்கப்பூர் போனபிறகு மில்லைத் திறக்க ஆளில்லை. மாதம் எண்ணூறு என்றாள். அந்தோணிமுத்து, "எண்ணூறா!" என்று நெஞ்சில் கை வைப்பதற்குள் அக்னஸ் தெருவைக் கடந்துவிட்டாள்.

"பூட்டிக் கெடந்தா எலி மாசம் எண்ணூறு குடுக்குதாக்கா?"

"எலி சத்தம் போடாது புள்ள. உம் புருஷன் போடுவாரு."

"அவரு சத்தம் எங்க வீட்டுக்கே கேக்காது இனிமே. நானூறு."

"நானூறுக்கு நடு ரோடுதான் கெடைக்கும். எழுநூறு."

"மழைக்கு ஓடு ஒழுவுதாமே? நாங்களே ஆள் வச்சுத் தார்ப்பாய் போட்டுக்கறோம். ஆட்டுக்குப் போட மாசம் நாலு கிழிசல் சாக்கு. ஐநூறு."

ஜன்னத் பீவி தன் ஆடுகளைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், சாவியை எடுக்க உள்ளே போனாள். தெருவின் இந்தப் பக்கம் நின்றிருந்த அந்தோணிமுத்து வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. இத்தனை வருடம் இவளைக் கறிவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும் மட்டும் அனுப்பி வீணடித்துவிட்டோமே என்ற நினைப்பு அதில் தெரிந்தது. ஐநூறு போகிற வலியும் தெரிந்தது.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் தூறல் பிடித்தது. எல்சி தேர்வுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். தை மாதத்தில் இந்த அறைக்குள் வெளிச்சம் வந்து அவள் பார்த்ததில்லை. ஜன்னலை எப்போதும் சாக்கு மறைத்திருக்கும். இப்போது கம்பிகளுக்கு அப்பால் தெரு முழுதாகத் தெரிந்தது: மில் வாசலில் கட்டுகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன, ஜன்னத் பீவி எங்கே எதை அடுக்குவது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து உத்தரவு போட்டாள். திங்கட்கிழமை என்ன சொல்வது என்று எல்சிக்கு இன்னும் முடிவாகவில்லை. ஆனால் பஸ்ஸில் போட்ட சென்னைக் கணக்கை மறுபடி போடலாம் என்று பார்த்தால், இன்று காலை நடந்ததை எதில் சேர்ப்பது, எதில் கழிப்பது என்று பிடிபடவில்லை.

"ஏம்மா, குடித்தனக்காரி."

ஜன்னலுக்கு வெளியே அந்தோணிமுத்து நின்றார். ஒரு சாக்கின் மூலையை உள்ளே மடக்கிக் கொங்காணியாகத் தலையில் போட்டிருந்தார். அதன் நுனியிலிருந்து சொட்டியது.

"மில்லு நெறஞ்சு போச்சு. பன்னண்டு கட்டு மிச்சம். நனைஞ்சா முடிஞ்சுது. ஒரு ஓரமா வச்சுக்கட்டுமா? வாங்க ஆள் வந்ததும் எடுத்துருவேன்."

"ஓனர்கிட்ட கேளுங்கப்பா."

"கேட்டேன். குடியிருக்கறவங்க இஷ்டம்னுட்டா."

எல்சி அவரையே பார்த்தாள். கெஞ்சுகிறாரா, கேலி செய்கிறாரா என்று தெரியவில்லை. அவர் இரண்டும் செய்யவில்லை. தோளிலிருந்த துண்டை உருவி, உதறி, வலது கை மேல் போட்டு, கம்பிகளுக்கு நடுவே உள்ளே நீட்டினார்.

மாட்டுச் சந்தையிலும் மண்டியிலும் பெரிய வியாபாரிகள் அப்படித்தான் விலை பேசுவார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து அழுத்தினால் அது தொகை. வேண்டாமென்றால் விரலை மாற்றிப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் நிற்கிறவனுக்கும் ஒன்றும் தெரியாது. ஜோசப்ராஜுக்கு அவர் பத்து வயதிலேயே சொல்லிக்கொடுத்தார். எல்சி கதவோரம் நின்று பார்த்தே கற்றுக்கொண்டாள். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் யோசித்தாள். இதுவரை அவளிடம் யாரும் துண்டை நீட்டியதில்லை.

பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுந்து போய், துண்டுக்குள் கையை விட்டாள். அவர் உள்ளங்கை சணலைப்போலச் சொரசொரப்பாக, மழையில் சில்லென்று இருந்தது. இருநூறு என்று அவளுடைய இரண்டு விரல்களைப் பிடித்து அழுத்தினார். அழுத்தியபடியே, வியாபாரி செய்ய வேண்டிய விதத்தில், முகத்தில் ஒன்றுமே இல்லாமல் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். எல்சியும் தெருவைப் பார்த்துக்கொண்டாள். விரல்களை மெல்ல விடுவித்து, அவர் கையைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு விரலாக அழுத்தத் தொடங்கினாள். எதிரே மில் வாசலில் ஜன்னத் பீவி கழுத்தை நீட்டிப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. தூறலில் நனைந்து கனத்த துண்டு, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அசைந்துகொண்டிருந்தது.